கண் சீட்டை ஃபைலில் வைத்து மறக்காதீர்கள்



கைக்குழந்தைக்கு ஃபிட்ஸ் என்று நரம்பு டாக்டரிடம் போகிறோம். அவர் மாத்திரை எழுதுகிறார். கூடவே இன்னொரு சீட்டில் ‘கண் டாக்டரைப் பார்க்கவும்’ என்று எழுதிக் கொடுக்கிறார். வீடு திரும்பியதும் என்ன நடக்கிறது? மாத்திரைச் சீட்டு மெடிக்கலுக்குப் போகிறது. கண் சீட்டு ஃபைலுக்குள் போகிறது.

“புள்ளைக்குக் கண்ணுல ஒரு குறையும் இல்லையே. கிலுகிலுப்பைய ஆட்டினா திரும்பிப் பார்க்குது. எதுக்கு இந்த வெயில்ல வீண் அலைச்சல்?” என்பார் பாட்டி. நியாயமாகத்தான் தோன்றும். (கிலுகிலுப்பைக்குச் சத்தம் உண்டே பாட்டி, குழந்தை திரும்பியது கண்ணாலா, காதாலா?)

எல்லா ஃபிட்ஸ் மாத்திரைக்கும் இந்தக் கதை பொருந்தாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் வால்ப்ரோயேட்டோ லெவிடிராசிட்டமோ சாப்பிடுகிறவர் இருந்தால், இதைப் படித்துவிட்டுப் பதற வேண்டாம். நான் பேசப்போவது விகாபட்ரின் என்ற ஒரு மருந்தைப் பற்றி. அது பலருக்கும் தேவைப்படுகிற மருந்து இல்லை. ஆனால் தேவைப்படுகிற குழந்தைக்கு அதன் அருமை சாதாரணமானதும் இல்லை.

யாருக்குத் தேவைப்படுகிறது?

மூன்று மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இருக்கும் சில குழந்தைகளுக்கு ஒரு விசித்திரமான வலிப்பு வரும். நாம் சினிமாவில் பார்க்கிற மாதிரி வாயில் நுரை தள்ளி வெட்டி இழுக்காது. தலை சட்டென்று முன்னால் குனியும், இரண்டு கையும் விரிந்து எழும், உடம்பு ஒரு நொடி மடங்கி நிமிரும். சில நொடி கழித்து மறுபடி. இப்படி வரிசையாக வரும். தூங்கி எழும் நேரத்தில் அதிகமாக வரும்.

பார்க்கிறவர்களுக்கு இது வலிப்பு என்றே தோன்றாது. ‘புள்ள திடுக்கிடுது’ என்போம். ‘வயித்து வலியா இருக்கும், ஓம வாட்டர் குடு’ என்போம். ‘உரம் விழுந்திருக்கு, எடுத்துட்டு வா’ என்று பெரியவர்கள் அனுப்புவார்கள். இப்படியே வாரங்கள் ஓடும். அதற்குள் குழந்தையின் சிரிப்பு குறையும், முகம் பார்ப்பது குறையும், குப்புற விழக் கற்றிருந்த பிள்ளை அதை மறந்துபோகும்.

இதை முதலில் எழுதி வைத்தவர் ஒரு அப்பா. 1841-ல் இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் ஊரில் இருந்த வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற டாக்டர். அவருடைய மகனுக்கே இது வந்தது. அந்தக் கால வழக்கப்படி அட்டை விட்டுப் பார்த்தார்கள், தலையில் குளிர்ச்சி வைத்தார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள், ஈறைக் கீறிவிட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. வெஸ்ட் ‘லான்செட்’ மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். தான் ஒரு டாக்டராக இருந்தும் வழி தெரியாமல், வேறு யாருக்காவது இதைப் பற்றித் தெரியுமா என்று ஊரைக் கேட்கிற தகப்பனின் கடிதம் அது. குழந்தை குனிந்து வணக்கம் சொல்வது போல இருப்பதால் லண்டனில் ஒரு மூத்த டாக்டர் அதைச் ‘சலாம் வலிப்பு’ என்றாராம். இன்றைக்கு அதற்கு அந்த அப்பாவின் பெயரையே வைத்து ‘வெஸ்ட் சிண்ட்ரோம்’ என்கிறார்கள்.

நம் நாட்டில் இது வருவதற்கு, பிரசவ நேரத்தில் குழந்தையின் மூளைக்கு ஆக்ஸிஜன் போதாமல் போனதும், பிறந்த ஓரிரு நாளில் ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கியதும் முக்கியமான காரணங்கள். டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸ் என்ற மரபணு நோயாலும் வரும். அந்தக் குழந்தைகளின் தோலில் வெளிறிய இலை வடிவத் திட்டுகள் தெரியலாம். இ.இ.ஜி. எடுத்தால் பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோவும் டாக்டருக்குப் பெரிய உதவி. அம்மாக்கள் வெட்கப்படாமல் வீடியோ எடுங்கள். ‘கேமராவில் பிடித்தால் கண் பட்டுவிடும்’ என்றெல்லாம் இந்த நேரத்தில் பார்க்காதீர்கள்.

சிகிச்சை என்று பார்த்தால் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்று ஹார்மோன் வழி: ஏ.சி.டி.எச். ஊசி அல்லது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. இன்னொன்று விகாபட்ரின். டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸ் காரணமாக வந்தது என்றால் டாக்டர்கள் முதலில் எடுப்பது விகாபட்ரினைத்தான்.

ஏன் என்று கேட்டால் 1997-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு பிரான்ஸிலிருந்து ஒரு ஆய்வு வெளியானது. டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸால் இந்த வலிப்பு வந்த 22 குழந்தைகள். 11 பேருக்கு விகாபட்ரின், 11 பேருக்கு ஹைட்ரோகார்டிசோன். ஸ்டீராய்டு பெற்றவர்களில் 5 குழந்தைகளுக்கு வலிப்பு நின்றது. விகாபட்ரின் பெற்றவர்களில் 11 பேருக்குமே நின்றது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் 11-க்கு 11 என்பதை மருத்துவ உலகில் எத்தனை முறை பார்க்க முடியும்?

அதே 1997-ல் இங்கிலாந்திலிருந்து ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் இன்னொரு செய்தி வந்தது. விகாபட்ரின் சாப்பிட்ட 3 நோயாளிகளுக்குப் பார்வைப் பரப்பு கடுமையாகச் சுருங்கியிருந்தது. அது திரும்ப விரியவில்லை.

ஒரே மருந்து, ஒரே வருடம், இரண்டு செய்தி. இந்த மருந்தை எழுதும் ஒவ்வொரு டாக்டரும், கொடுக்கும் ஒவ்வொரு தாயும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார்கள்.

எனக்கு ஆச்சரியம் அளித்தது இன்னொன்று. பிரிட்டனில் இந்த மருந்து 1989-லேயே கடைக்கு வந்துவிட்டது. கண் பாதிப்பு வெளியே தெரிய எட்டு வருடம் ஆகியிருக்கிறது. அத்தனை வருடம் சாப்பிட்டவர்கள் யாருமே ‘எனக்குக் கண் தெரியவில்லை’ என்று டாக்டரிடம் சொல்லவில்லையா?

சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கே தெரிந்திருக்காது. பாட்டியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

மூளையில் காபா என்ற ரசாயனம் இருக்கிறது. நரம்பு செல்கள் தாறுமாறாகத் துடிக்காமல் அடக்கி வைப்பது அதன் வேலை. அதைச் சிதைக்க ஒரு என்சைம் உண்டு. விகாபட்ரின் அந்த என்சைமைப் பிடித்து நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. உடம்பு புதிதாக என்சைமை உண்டாக்கினால்தான் உண்டு. எனவே காபா கூடுகிறது, வலிப்பு அடங்குகிறது. ஆனால் காபா மூளையில் மட்டும் இல்லை, கண்ணின் விழித்திரையிலும் இருக்கிறது. மருந்து அங்கேயும் போய்ச் சேர்கிறது. அங்கே என்னென்ன நடந்து செல்கள் கெடுகின்றன என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிற விஷயம். டாரின் என்ற சத்து குறைவதால் இருக்கலாம் என்று எலிகளை வைத்துச் செய்த ஆய்வு சொன்னது. மனிதர்களில் அது நிரூபணம் ஆகவில்லை. ‘டாரின் இருக்கு’ என்று டப்பாவில் போட்ட எனர்ஜி டிரிங்கைக் குழந்தைக்கு யாரும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

கெடுவது விழித்திரையின் நடுப்பகுதி இல்லை, ஓரம். நேரே பார்ப்பது, முகம் அடையாளம் காண்பது, எழுத்துப் படிப்பது எல்லாம் நடுப்பகுதியின் வேலை. அது பெரும்பாலும் அப்படியே இருக்கும். சுற்றுப் பார்வைதான் மெல்ல மெல்லக் குறுகும். அதிலும் பெரும்பாலும் முதலில் குறைவது மூக்குப் பக்கத்துப் பார்வை. இங்கேதான் ஏமாந்துபோகிறோம். வலது கண்ணின் மூக்குப் பக்கம் பார்க்கவேண்டிய இடத்தை இடது கண்ணும் பார்த்துக்கொண்டிருக்கிறது. இடது கண்ணின் குறையை வலது கண் மறைத்துவிடுகிறது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருக்கிறவருக்கு எதுவும் குறைந்ததாகவே தெரியாது.

அப்புறம் மூளை வேறு சும்மா இருக்காது. நம் எல்லோருடைய கண்ணிலும், நல்ல கண்ணிலும்கூட, பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒன்றுமே தெரியாத ஒரு புள்ளி இருக்கிறது. ஒரு கண்ணை மூடினாலும் அந்த ஓட்டை நமக்குத் தெரிகிறதா? மூளையே நிரப்பிவிடுகிறது. ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்போதும் அப்படித்தான். கறுப்பாக எதுவும் தெரியாது. அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறது என்பதே தெரியாமல் போகும்.

எத்தனை பேருக்கு வரும்? அமெரிக்காவில் இந்த மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பிலேயே 30 சதவீதமோ அதற்கு மேலோ என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டு கண்ணும் பாதிக்கும், கடுமையாகப் போனால் பார்வை நடுவிலிருந்து 10 டிகிரிக்குள் சுருங்கலாம் என்கிறது. மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களிலும் வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம். அளவும் காலமும் கூடக்கூட ஆபத்து கூடும். ஆனால் ‘இத்தனை மில்லிகிராம் வரை பயமில்லை’ என்று கோடு போட முடியாது. போன பார்வை திரும்பாது.

கைக்குழந்தைகளுக்குக் குறுகிய காலம் கொடுக்கும்போது நிலைமை இதைவிட நல்லது. கனடாவின் டொராண்டோவில் வெஸ்ட் சிண்ட்ரோம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 6 மாதம் மருந்து எடுத்தபோது சுமார் 5 சதவீதக் குழந்தைகளுக்கும், 12 மாதத்தில் சுமார் 13 சதவீதத்துக்கும் விழித்திரை பாதிப்பு தெரிந்தது. பல டாக்டர்கள் ‘ஆறு மாசம் கொடுத்துப் பார்ப்போம், அப்புறம் குறைக்கலாம்’ என்று சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

இதையெல்லாம் படித்ததும் உங்களில் சிலருக்குக் கை தன்னால் மாத்திரைப் பட்டையைக் குப்பையில் போடப் போயிருக்கும். தயவுசெய்து நில்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் யாரோ ‘இந்த மாத்திரை கண்ணைக் கெடுக்கும், ஷேர் பண்ணுங்க’ என்று அனுப்பியதைப் பார்த்துவிட்டு, டாக்டரைக் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்துவதைவிடப் பெரிய ஆபத்து வேறு இல்லை. சட்டென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பலாம். எந்த ஃபிட்ஸ் மாத்திரையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதுவும் டாக்டர் சொல்லித்தான்.

வெஸ்ட் சிண்ட்ரோமை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். வலிப்பு ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தின்கிறது. பிரிட்டனில் இந்தக் குழந்தைகளை நான்கு வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். சிகிச்சை ஆரம்பிக்க எவ்வளவு தாமதமானதோ அவ்வளவு வளர்ச்சி பின்தங்கியிருந்தது. ஓரப் பார்வை கொஞ்சம் குறையலாம் என்ற ஆபத்து ஒரு பக்கம், குழந்தை பேசவும் நடக்கவும் நம்மை அடையாளம் காணவும் முடியாமல் போகலாம் என்ற ஆபத்து மறு பக்கம். அப்பா அம்மாவிடம் இந்தக் கணக்கைப் போடச் சொல்வதே கொடுமைதான். ஆனால் போட்டால் பெரும்பாலும் விடை மருந்தின் பக்கம்தான் வருகிறது. நானும் அந்தப் பக்கம்தான்.

எல்லா மருந்துக்கும் இந்த விடை வந்துவிடாது. ரெடிகாபின் என்று ஒரு வலிப்பு மருந்து 2011-ல் வந்தது. விழித்திரையில் நிறமாற்றம் வருகிறது, தோலும் உதடும் நீலம் பாய்கின்றன என்று 2013-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரித்தது. 2017-ல் கம்பெனியே அதை நிறுத்திவிட்டது. அது இல்லாவிட்டால் பெரியவர்களுக்கு வேறு மாத்திரைகள் இருந்தன. விகாபட்ரினுக்கு இன்னும் இடம் இருக்கிறது என்றால், அந்தச் சின்னக் குழந்தைகளுக்கு அதன் வேலையைச் செய்ய வேறு மருந்து அதிகம் இல்லை என்பதால்தான்.

அமெரிக்காவில் இதை உடனே அனுமதித்துவிடவில்லை. பிரிட்டனுக்கு 20 வருடம் கழித்து, 2009 ஆகஸ்டில்தான் அங்கே அனுமதி கிடைத்தது. அதுவும் பெட்டி கட்டிய எச்சரிக்கையோடு. எழுதும் டாக்டர் பதிவு செய்துகொள்ள வேண்டும், குறிப்பிட்ட பார்மசி வழியாக மட்டும் மருந்து போகும் என்று ஏகப்பட்ட நிபந்தனை. நம் ஊரில் சீட்டைக் காட்டினால் மாத்திரை கிடைத்துவிடும். ‘போன மாசக் கண் ரிப்போர்ட் எங்கேம்மா?’ என்று கவுன்ட்டரில் இருக்கும் தம்பி கேட்கப்போவதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய ஆள் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

சரி, என்ன பரிசோதனை? எப்போது?

மருந்து ஆரம்பிக்கும்போதே ஒன்று. தாமதமானாலும் நான்கு வாரத்துக்குள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மருந்தை நிறுத்திய மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் இன்னொரு முறை. இது அமெரிக்கக் குறிப்பு. ஐரோப்பாவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்கிறார்கள். உங்கள் டாக்டர் எதைச் சொல்கிறாரோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த அட்டவணை என்பது பெரிய விஷயமில்லை, ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

முதல் பரிசோதனையைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். மூளை பாதித்துப் பிறந்த குழந்தைகளில் பலருக்கு மருந்துக்கு முன்பே பார்வைக் குறை இருக்கக்கூடும். ஆரம்பத்தில் எப்படி இருந்தது என்ற ரிப்போர்ட் கையில் இல்லாவிட்டால், ஆறு மாதம் கழித்து ஒரு குறை தெரியும்போது அது மருந்தால் வந்ததா, முன்பே இருந்ததா என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கண்ணாடிக் கடையில் ‘கம்ப்யூட்டர் கண் பரிசோதனை’ செய்தோம், 6/6 வந்துவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். ஊரில் நடந்த கண் முகாமில் டார்ச் அடித்துப் பார்த்து ‘புரை இல்லை’ என்று சொன்னதும் இதில் சேராது. எழுத்து வரிசையைப் படிப்பது நடுப்பார்வைக்கான சோதனை. நமக்கு வேண்டியது ஓரத்துக்கான சோதனை. அதனால் கண் டாக்டரிடம் போனதும் முதல் வார்த்தையே ‘விகாபட்ரின் சாப்பிடுகிறான், அதற்காக அனுப்பியிருக்கிறார்கள்’ என்பதாக இருக்கட்டும். மாத்திரைப் பட்டையையே எடுத்துக் காட்டிவிடுங்கள்.

பெரியவர்களுக்கும் ஓரளவு வளர்ந்த பிள்ளைகளுக்கும் ‘ஃபீல்டு டெஸ்ட்’ இருக்கிறது. ஒரு கண்ணை மூடி, தாடையைத் தாங்கியில் வைத்து, கிண்ணம் போன்ற கருவிக்குள் நடுவில் தெரியும் விளக்கையே பார்க்க வேண்டும். ஓரங்களில் அங்கங்கே ஒளிப்புள்ளி தோன்றும். தெரிந்தால் கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். கொஞ்சம் அலுப்பூட்டும் வேலைதான். சில புள்ளிகள் எல்லோருக்குமே தெரியாது. ‘ஃபெயில் ஆகிவிட்டோமோ’ என்று பயந்து தெரியாததற்கெல்லாம் பட்டனை அழுத்துகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ரிப்போர்ட் வீணாகிவிடும். தூக்கம் கெட்ட நாளில் போகாதீர்கள்.

கைக்குழந்தையால் பட்டன் அழுத்த முடியுமா? அதற்கு இ.ஆர்.ஜி. என்ற சோதனை. கண்ணில் சொட்டு விட்டு, மின்முனை பொருத்தி, ஒளியை மின்ன வைத்து, விழித்திரை எப்படிப் பதில் சொல்கிறது என்று பதிவு செய்வார்கள். சில குழந்தைகளுக்கு மயக்கம் தேவைப்படும். ஓ.சி.டி. என்பது விழித்திரை நரம்பு அடுக்கின் தடிமனைப் படமெடுப்பது. வலி இல்லை, கண்ணைத் தொடுவதும் இல்லை. ஆனால் சின்னக் குழந்தை ஒரு நிலையில் இருக்க வேண்டுமே! இந்தக் கருவிகள் எல்லா ஊரிலும் இருக்காது. பெரிய கண் மருத்துவமனைகளில் கேட்க வேண்டும். சென்னையில் அரசுக் குழந்தைகள் நல மருத்துவமனையும் 1819-ல் தொடங்கிய அரசுக் கண் மருத்துவமனையும் ஒரே எழும்பூரில்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றில் எழுதிய சீட்டு தானாக நடந்து இன்னொன்றுக்குப் போகாது. அதைத் தூக்கிக்கொண்டு போவது அம்மாதான். மாவட்டங்களில் இருக்கிறவர்கள், அரசு மருத்துவமனையில் உள்ள குழந்தைகளுக்கான ஆரம்ப இடையீட்டு மையத்தில் விசாரியுங்கள். வளர்ச்சிப் பயிற்சியும் அங்கேயே கிடைக்கும், எந்தக் கண் மருத்துவமனைக்குப் போவது என்றும் வழிகாட்டுவார்கள்.

சோதனையால் பாதிப்பைத் தடுக்க முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வந்ததைச் சீக்கிரம் கண்டுபிடிக்கத்தான் முடியும். நிறுத்தினால் பெரும்பாலும் அதோடு நிற்கும், சில சமயம் நிறுத்திய பிறகும் கூடலாம். ‘அப்புறம் எதுக்கு டெஸ்ட்?’ என்று கேட்கலாம். கால்வாசிச் சுருக்கத்தில் தெரிந்துகொள்வதும் முக்கால்வாசிச் சுருக்கத்தில் தெரிந்துகொள்வதும் ஒன்றா? தெருவைக் கடக்கும்போது பக்கவாட்டில் வரும் பைக் தெரிவதற்கும் தெரியாததற்கும் உள்ள வித்தியாசம் அது.

பெரியவர்கள் விஷயத்தில் இது இன்னும் நேரடியானது. வேறு மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புக்குப் பெரியவர்களுக்கும் விகாபட்ரின் கொடுப்பதுண்டு. மூன்று மாதத்தில் தெளிவான பலன் இல்லை என்றால் நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. குழந்தைகளுக்கு அந்தக் கெடு இரண்டிலிருந்து நான்கு வாரம்தான். ஆகவே முதல் நாளே கேளுங்கள்: “டாக்டர், பலன் இல்லேன்னா இதை எப்போ நிறுத்துவோம்? பலன் இருந்தா எத்தனை மாசம் கொடுப்போம்?” இப்படிக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். நல்ல டாக்டருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிரைவிங் லைசென்ஸுக்கான படிவம் 1-ல் வலிப்பு உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி இன்னொரு மாதம் பேசலாம். விகாபட்ரின் சாப்பிடுகிறவர் என்றால் வலிப்பு அடங்கியிருந்தாலும் ஓரப் பார்வை என்ற இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. பிரிட்டனில் கார் ஓட்ட, பக்கவாட்டில் 120 டிகிரியாவது தெரிய வேண்டும் என்று அளவே வைத்திருக்கிறார்கள்.

மற்ற ஃபிட்ஸ் மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாக. டோபிரமேட் சாப்பிட ஆரம்பித்த முதல் மாதத்துக்குள் திடீரென்று பார்வை மங்கி, கண் வலித்துச் சிவந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுங்கள். கண்ணின் அழுத்தம் ஏறியிருக்கலாம். அதை உடனே கவனித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒற்றைத் தலைவலிக்கும் இதே மாத்திரையைக் கொடுக்கிறார்கள் என்பதால் ‘எனக்கு ஃபிட்ஸ் இல்லையே’ என்று தாண்டிப் போகாதீர்கள். கார்பமாசெபின், ஃபெனிடாயின் சாப்பிடுகிறவருக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால் பெரும்பாலும் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். டாக்டரிடம் சொன்னால் சரிசெய்வார். இவையெல்லாம் தானே கூப்பிட்டுச் சொல்கிற தொந்தரவுகள். விகாபட்ரின்தான் சத்தம் போடாது.

இனி வீட்டு நிலவரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று எழுதுவது எனக்கு எளிது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கும் அப்பாவுக்கு அது வருடத்தில் நான்கு நாள் சம்பளம், நான்கு பஸ் பயணம், மடியில் தூங்காத ஒரு குழந்தை. மூத்தவளைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது என்ற கவலை வேறு. இதைச் சொல்லாமல் ‘அலட்சியம் செய்யாதீர்கள்’ என்று மட்டும் அறிவுரை சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் சில நடைமுறை யோசனைகள். நரம்பு டாக்டர் பார்க்கச் சொன்ன அதே நாளில் கண் பரிசோதனையும் வருமாறு தேதி கேட்டு வாங்குங்கள். அடுத்த தேதியைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் அந்தத் தாளைப் புரட்டி எழுதிவிடுங்கள். கிழிக்கும்போது கண்ணில் படும். முதல் ரிப்போர்ட்டைப் போனில் படமெடுத்து அப்பா, அம்மா, மாமா மூன்று பேரின் போனிலும் வையுங்கள். விகாபட்ரின் எல்லா மெடிக்கலிலும் இருக்கிற மாத்திரை இல்லை. கடைசிப் பட்டையைப் பிரிக்கும் வரை காத்திருக்காமல் முன்பே சொல்லி வையுங்கள். தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னால் எத்தனை மில்லி தண்ணீர், அதில் எத்தனை மில்லி குழந்தைக்கு என்பதை எழுதி வாங்கி, சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். ஸ்பூன் கணக்கு வேண்டாம்.

மருந்தை நிறுத்திவிட்ட வீடுகள் ஒன்றை மட்டும் மறந்துவிடுகின்றன. வலிப்பு நின்றது, மாத்திரையும் நின்றது, ஃபைலைப் பரணில் போட்டாயிற்று என்று இருந்துவிடுகிறோம். நிறுத்திய பிறகும் ஒரு கண் பரிசோதனை பாக்கி இருக்கிறது. பிள்ளை வளர்ந்து ஃபீல்டு டெஸ்டுக்கு உட்காரும் வயது வந்ததும், ஒருமுறை உட்கார வைத்துவிடுவது நல்லது. அவனுக்கு இந்த மாத்திரை சாப்பிட்டதே நினைவிருக்காது. ஒருநாள் லைசென்ஸ் வாங்கப் போகிறவனுக்கு ‘சின்ன வயசுல விகாபட்ரின் சாப்பிட்டிருக்கே’ என்று சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான்.

உங்கள் வீட்டில் இந்த மருந்தைக் கொடுத்தவர்கள் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். எந்த ஊரில் இ.ஆர்.ஜி. எடுத்தீர்கள், எவ்வளவு செலவானது, காப்பீட்டு அட்டை உதவியதா, கைக்குழந்தையோடு அந்த நாளை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதினால் போதும். குழந்தையின் பெயர் வேண்டாம். வருகிற கடிதங்களைத் தொகுத்து, ஒரு நரம்பியல் டாக்டரும் ஒரு கண் டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லும் பக்கமாக அடுத்த இதழ்களில் வெளியிட ஏற்பாடு செய்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்